காப்புறுதிக் கம்பெனி பணம் தர மறுத்தால்: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



கடை வைத்திருப்பவர்களில் இன்ஷூரன்ஸ் என்னும் காப்புறுதி எடுக்காதவர் இன்று நம்மில் சொற்பம். வருஷந் தவறாமல் பிரீமியம் கட்டுகிறோம். ஆனால் நஷ்டம் நேர்ந்து பணம் கேட்கும்போது, "தங்கள் கோரிக்கையை ஏற்பதற்கில்லை" என்று கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் அடுத்து என்ன செய்வது என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாது. சிலர் நமக்கு விதித்தது இவ்வளவுதான் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சிலர் கம்பெனி ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டினாலும் காசு வருவதில்லை.

நாமும் அப்படியொரு கடிதத்தைப் பெற்றவர்தாம். நாம் வக்கீல் அல்லோம். மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கடைக்கு வந்தவர். ஆகவே இங்கே எழுதுவது ஒரு வியாபாரி அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடமேயன்றி வேறில்லை. காப்புறுதி மார்க்கப்படி கூடுமா கூடாதா என்பது ஆலிம்கள் பேச வேண்டிய மஸ்அலா. அதற்குள் நாம் நுழையவில்லை. எடுத்தவர் தம் உரிமையை இழந்துவிடாமல் இருப்பது எப்படி என்பதே இங்கு விஷயம்.

நமக்கு நேர்ந்தது

பூன் லேயில், அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் நமது மளிகைக் கடை. நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாட்கள் இருந்தன. பெருநாள் வியாபாரத்தை நம்பி அரிசி, மாவு, பேரீச்சம்பழம், மசாலாச் சாமான் என்று வழக்கத்தைவிட அதிகமாகச் சரக்கு இறக்கிப் பின்னறையில் அடுக்கியிருந்தோம். ஒரு நாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்தால், பின்னறையில் கணுக்கால் அளவு தண்ணீர். இரவில் மேலே ஒரு குழாய் வெடித்துக் கூரை வழியாகக் கொட்டியிருக்கிறது. கணக்குப் பார்த்தபோது 16,000 வெள்ளிச் சரக்கு வீணாகியிருந்தது.

காப்புறுதி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். கூரையில் ஒரு பழைய கறையைப் பார்த்து, "இதற்கு முன்னும் தண்ணீர் இறங்கியதா?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னோம். இரண்டு வருஷங்களுக்கு முன் சிறிதாகக் கசிந்தது, பழுது பார்த்தாகிவிட்டது, சரக்கு ஒன்றும் கெடவில்லை.

ஐந்து வாரங் கழித்துக் கடிதம் வந்தது. "பாலிஸி எடுக்கும்போது தாங்கள் கொடுத்த பாரத்தில், கடந்த ஐந்து வருஷங்களில் நீர்க்கசிவு உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பணம் தர இயலாது" என்பது அதன் சாரம்.

அந்தப் பாரத்தை நிரப்பியது ஏஜண்டு. கையெழுத்து மட்டும் நம்முடையது. அந்தக் கேள்வியை அவர் நம்மிடம் கேட்கவேயில்லை. ஆனால் படித்துப் பார்க்காமல் ஏன் கையெழுத்துப் போட்டோம்? ஆங்கிலம் நமக்குச் சரியாக வராது என்பதை அவர்முன் ஒப்புக்கொள்ள வெட்கம். அந்த வெட்கத்தின் விலை 16,000 வெள்ளி. இதைப் படிக்கும் சகோதரர்களில் இதே வெட்கத்தோடு கையெழுத்துப் போட்டவர்கள் பலர் இருப்பார்கள் என்பதனால்தான் மறைக்காமல் எழுதுகிறோம்.

பென்கூலன் கோட்டை வழக்கு

கம்பெனிகள் "நீங்கள் மறைத்துவிட்டீர்கள்" என்று சொல்வதற்கு ஆதாரமாக இருக்கும் சட்டம் எங்கிருந்து பிறந்தது என்று விசாரித்தபோது, அது நமக்குப் பக்கத்து ஊரிலிருந்தே பிறந்தது என்று அறிந்து ஆச்சரியப்பட்டோம். பென்கூலன் தெருவையும் அங்குள்ள பள்ளிவாசலையும் அறியாதவர் நம்மில் இல்லை. அந்தத் தெருவுக்குப் பெயர் தந்தது சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பென்கூலன் ஊர். ராஃபிள்ஸ் 1819ல் சிங்கப்பூருக்கு வந்தபோது அவர் வகித்த பதவி அந்தப் பென்கூலனின் லெப்டினண்ட் கவர்னர் பதவியே.

அதற்கும் அறுபது வருஷங்களுக்கு முன் அங்கே மால்பரோ கோட்டையில் கார்ட்டர் என்பவர் கவர்னராக இருந்தார். பிரிட்டிஷாருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் யுத்தம் நடந்த காலம் அது. 1759 அக்டோபர் முதல் 1760 அக்டோபர் வரை ஒரு வருஷத்திற்குள் ஐரோப்பிய எதிரி எவரேனும் கோட்டையைப் பிடித்துவிட்டால் பணம் கிடைக்கும்படி கார்ட்டருக்காக லண்டனில் ஒரு காப்புறுதி எடுக்கப்பட்டது. பாலிஸி கையெழுத்தானது 1760 மே மாதம். ஆனால் அதற்கு முந்திய மாதமே பிரெஞ்சுத் தளபதி தெஸ்தான் கோட்டையைப் பிடித்துவிட்டார். கப்பல் வழியே சேதி போய்ச் சேர மாதக்கணக்கான காலமானதால் லண்டனில் இருந்தவர்களுக்கு அது தெரியாது.

காப்புறுதி கொடுத்தவர் போயம் என்பவர். அவர் பணம் தர மறுத்தார். கோட்டை பலவீனமானது, சுதேசிகளைத் தடுக்கவே கட்டப்பட்டது, ஐரோப்பியப் படையைத் தாங்காது என்பதெல்லாம் கவர்னருக்குத் தெரிந்திருந்தும் மறைத்துவிட்டார் என்பது அவருடைய வாதம். பிரெஞ்சுக்காரர் தாக்கலாம் என்று கவர்னர் முன்னமே எழுதிய கடிதத்தையும் எடுத்துக் காட்டினார்.

வழக்கை மான்ஸ்ஃபீல்ட் பிரபு விசாரித்தார். ஜூரிகளாக அமர்ந்தவர்கள் யாரென்றால், வியாபாரிகள். அவர்கள் கவர்னர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். போயம் மறு விசாரணை கேட்டார். 1766ல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு அதை மறுத்துவிட்டார். அவர் சொன்ன நியாயம் இரண்டு பகுதியாக இருக்கிறது.

முதற் பகுதி: காப்புறுதி என்பது நம்பிக்கையின்மேல் நிற்கும் ஒப்பந்தம். ஆபத்தை எடைபோடத் தேவையான சங்கதிகள் பெரும்பாலும் பாலிஸி எடுப்பவருக்கே தெரியும். ஆகவே அவர் அவற்றை மறைக்கக் கூடாது. இந்தக் கடமை இரு தரப்புக்கும் உண்டு. கம்பெனியும் தனக்குத் தெரிந்ததை மறைக்கக் கூடாது.

இரண்டாம் பகுதி: காப்புறுதி கொடுப்பவருக்குத் தெரிந்த சங்கதியையும், அவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய சங்கதியையும், எடுப்பவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டையின் நிலை கவர்னருக்குத் தெரியும் என்பது போயமுக்குத் தெரியும். அவர் விசாரிக்காமலே பிரீமியத்தை வாங்கிக்கொண்டார். அன்று பேசாமல் இருந்துவிட்டு, நஷ்டம் வந்தபின் மறைத்தாய் என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பணம் கேட்டவர் ஜெயித்த வழக்கு இது. ஆனால் பிற்காலத்தில் கம்பெனிகள் முதற் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு இதே வழக்கைப் பணம் மறுப்பதற்கு மேற்கோள் காட்டலாயின. இரண்டாம் பகுதியை நாம்தான் நினைவூட்ட வேண்டும்.

ஆனால் நம்மைப் பொறுத்தவரை ஒரு கசப்பான உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கவர்னரை எவரும் கேட்கவில்லை. நம்மைக் கேட்டிருக்கிறார்கள், நம்முடைய கையெழுத்துக்கு மேலே "இல்லை" என்று எழுதியிருக்கிறது. ஏஜண்டு எழுதினார் என்று சொல்வதும் எளிதில் எடுபடாது. 1929ல் நியூஸ்ஹோம் சகோதரர்கள் வழக்கில் இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டு, பாரத்தை நிரப்பிக் கொடுக்கும் ஏஜண்டு அந்த வேலையில் கையெழுத்துப் போடுபவருக்காக எழுதுகிறவரே என்று சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் 2015ல் வந்த புதிய சட்டம் இந்தக் கடுமையைப் பெரிதும் குறைத்திருக்கிறது. சிங்கப்பூரில் பழைய நியதியே நிற்கிறது. தெரிந்ததையும் தெரிந்திருக்க வேண்டியதையும் முழுமையாகச் சொல்லாவிட்டால் பாலிஸியினால் ஒன்றும் கிடைக்காமற் போகலாம் என்ற எச்சரிக்கையைப் பாரத்தில் எடுப்பாக அச்சிட வேண்டும் என்பது இங்குள்ள இன்ஷூரன்ஸ் சட்டத்தின் கட்டளை. அந்த எச்சரிக்கை நமது பாரத்திலும் இருந்தது. நாம் படிக்கவில்லை.

மறுப்பு வரும் நான்கு வழிகள்

கம்பெனிகள் மறுக்கும் காரணங்கள் பலவாகத் தோன்றினாலும், கடைக்காரருக்கு முக்கியமாக வருபவை நான்கு.

ஒன்று, மேலே சொன்ன மறைப்பு. பழைய தீ, பழைய திருட்டு, பழைய கசிவு, வேறு கம்பெனி மறுத்தது, கடையில் கேஸ் அடுப்பு வைத்திருப்பது முதலியவை சொல்லப்பட வேண்டியவை. வருஷா வருஷம் புதுப்பிக்கும்போதும் மாறுதல் உண்டானால் சொல்ல வேண்டும்.

இரண்டு, விலக்கு. பாலிஸியில் கொடுப்பதைச் சொல்லும் பக்கம் ஒன்றானால், கொடுக்காததைச் சொல்லும் பக்கங்கள் மூன்று. குழாய் திடீரென்று வெடித்தால் பணம் உண்டு, நாட்பட மெல்லக் கசிந்தால் இல்லை என்பது பல பாலிஸிகளில் காண்பது. அப்படியே திருட்டிலும், பூட்டை உடைத்த அடையாளம் இருந்தால் உண்டு. பகலில் வாடிக்கைக்காரர்போல் வந்தவரோ நமது சிப்பந்தியோ எடுத்துச் சென்றால் இல்லை என்று இருக்கும்.

மூன்று, நிபந்தனை. நஷ்டத்தை உடனே அறிவிக்க வேண்டும், திருட்டானால் போலீசில் எழுதிவைக்க வேண்டும், கெட்ட சரக்கைச் சர்வேயர் பார்க்கும்வரை வைத்திருக்க வேண்டும் என்பன போன்றவை. நாம் இங்கேயும் தவறினோம். ஈர அரிசி நாற்றமெடுத்ததால் பாதி மூட்டைகளை முதல் நாளே குப்பையில் போட்டுவிட்டோம். நமது மகன் அதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துவைத்திருந்தது நம்மைக் காப்பாற்றியது.

நான்கு, குறைந்த தொகைக்கு எடுப்பது. இதை வியாபாரிகள் நன்றாகக் கவனிக்க வேண்டும். நமது பாலிஸி 60,000 வெள்ளிக்கு. பெருநாள் சரக்கோடு அன்று கடையில் இருந்ததோ 80,000 வெள்ளிச் சரக்கு. நஷ்டம் 16,000. பாலிஸித் தொகைக்குள் அடங்கியதுதானே, முழுதும் வரும் என்று நினைத்தோம். அப்படியல்ல. சராசரி ஷரத்து என்று ஒன்று உண்டு. நான்கில் மூன்று பங்குச் சரக்குக்கே நாம் பிரீமியம் கட்டியிருப்பதால், நஷ்டத்திலும் நான்கில் மூன்று பங்கையே கம்பெனி ஏற்கும். அதாவது 12,000 வெள்ளி. மீதி 4,000 நமது தலையில். பிரீமியத்தில் சில வெள்ளிகளை மிச்சம் பிடிப்பதற்காகத் தொகையைக் குறைத்து எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். பண்டிகைக் காலத்திற்கு மட்டும் தொகையைக் கூட்டிக்கொள்ள முடியுமா என்று கம்பெனியிடம் முன்னதாகவே கேட்பது நலம்.

மறுப்புக் கடிதம் வந்தபின்

மறுப்புக் கடிதம் கோர்ட்டுத் தீர்ப்பல்ல. அது ஒரு தரப்பின் அபிப்பிராயம். இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

வாய்ப்பேச்சில் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் மறுத்தால், பாலிஸியின் எந்த ஷரத்தின்படி என்று கேளுங்கள். அந்த ஷரத்தை, ஆங்கிலம் அறிந்த ஒருவரை உட்கார வைத்து, வரி வரியாகப் படித்துப் பொருள் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வாசகம் இருவிதமாகப் பொருள்படுமானால், அதை எழுதிய கம்பெனிக்குப் பாதகமான பொருளையே கொள்வது கோர்ட்டுகளின் நெடுநாள் வழக்கம். விலக்கு இருக்கிறது என்று சொல்லும் கம்பெனிதான் அது பொருந்துகிறது என்பதைக் காட்ட வேண்டும் என்பதும் பொதுவான நியதி.

பிறகு தஸ்தாவேஜுகளைத் தேதி வரிசையாக அடுக்குங்கள். சரக்கு வாங்கிய ரசீது, இருப்புக் கணக்கு, படங்கள், பழுது பார்த்த பில், கம்பெனியோடு நடந்த கடிதப் போக்குவரத்து. போனில் பேசினால் அன்றைக்கே தேதி, மணி, பேசியவர் பெயர், பேசிய விஷயம் இவற்றைக் குறித்து வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சியோடு எழுதிவைக்கச் சொல்லும் ஆயத்து குர்ஆன் ஷரீபிலேயே மிக நீளமான ஆயத்து என்பதை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். ஓதினோமேயன்றி, கடையில் நடைமுறைக்குக் கொண்டுவர நமக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

கம்பெனிக்கு எழுதியும் பயனில்லையென்றால், ஃபிட்ரெக் என்று வழங்கும் நிதித்துறைத் தகராறு தீர்வு நிலையம் 2005 முதல் சிங்கப்பூரில் இயங்கிவருகிறது. தனி நபர்களும், ஒற்றை உரிமையாளராகக் கடை நடத்துவோரும் அங்கே முறையிடலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்கள் வக்கீலைக் கலந்து கோர்ட்டையே நாட வேண்டும். கம்பெனியின் இறுதிப் பதில் வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்திற்குள் முறையிட்டுவிட வேண்டும். முதலில் இரு தரப்பையும் வைத்துச் சமரசம் பேசுவார்கள். அதற்கு நம்மிடம் கட்டணம் இல்லை. சமரசம் ஆகாவிட்டால் நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்வார்; அதற்குச் சிறு கட்டணம் உண்டு. தீர்ப்பை நாம் ஏற்றுக்கொண்டால் கம்பெனி கட்டுப்பட்டாக வேண்டும். நமக்குத் திருப்தியில்லையென்றால் ஏற்காமல் கோர்ட்டுக்குப் போகலாம். நடுவர் வழங்கக்கூடிய தொகையின் உச்ச வரம்பு 2024ல் 150,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

கோர்ட்டுக்குப் போவதென்றால் ஒப்பந்த வழக்குகளுக்குச் சட்டம் தரும் கெடு ஆறு வருஷம். ஆனால் பாலிஸியிலேயே அதைவிடக் குறுகிய கெடு எழுதியிருக்கக்கூடும். அதை முதலில் பாருங்கள்.

முடிவில் கிடைத்தது

இதற்கிடையில் நமக்கு வந்த ஒரு சோதனையையும் சொல்லிவிடுகிறோம். கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது வேண்டியவர் ஒருவர், "எப்படியும் வெட்டுவார்கள், 25,000 என்று போடுங்கள்" என்று யோசனை சொன்னார். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சேர்ந்த கோரிக்கை என்று தெரிந்தால் உண்மையான பகுதியையும் சேர்த்து இழக்க நேரும் என்பது சட்டம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்; நோன்போடு உட்கார்ந்து எழுதிய கணக்கில் அந்த இலக்கத்தைப் போடக் கை வரவில்லை. அது பின்னால் பேருதவியாயிற்று. நாம் கொடுத்த ஒவ்வோர் இலக்கத்திற்கும் ரசீது இருந்தது. சர்வேயர் கேட்டபோது பழைய கசிவை நாமே சொன்னதும், நாம் ஏமாற்ற நினைத்தவரல்லர் என்பதற்குச் சாட்சியாயிற்று.

கம்பெனிக்கு நாம் எழுதிய பதிலில் மூன்று விஷயங்களைச் சொன்னோம். பழைய கசிவு சிறியது, பழுது பார்க்கப்பட்டது, பில் இணைத்திருக்கிறோம். இப்போது வெடித்தது வேறு இடத்துக் குழாய். பாலிஸி கொடுக்கும் முன் கம்பெனியின் ஆளே பின்னறைக்குள் வந்து, கூரைக் கறை உட்பட எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார். பென்கூலன் கவர்னர் நமக்குக் கற்றுக்கொடுத்தது இந்த மூன்றாவது விஷயம். கம்பெனி அசையவில்லை. முறையிட்டோம். சமரசப் பேச்சில் இரண்டு அமர்வுகளுக்குப் பின் கம்பெனி 9,000 வெள்ளி தர இசைந்தது. நாமும் ஏற்றுக்கொண்டோம்.

16,000 போன இடத்தில் 9,000. இதை வெற்றி என்று சொல்ல மாட்டோம். 4,000 வெள்ளி போனது தொகையைக் குறைத்து எழுதிய குற்றத்திற்கு. 3,000 வெள்ளி போனது படிக்காமல் கையெழுத்துப் போட்ட குற்றத்திற்கு. ஆனால் அந்தக் கடிதத்தைக் கண்டு பேசாமல் இருந்திருந்தால் இந்த 9,000மும் போயிருக்கும்.

தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை

இன்று இரவு கடை அடைத்தபின் பாலிஸியை எடுத்து வைத்துக்கொண்டு இக்கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

பாரத்தின் நகல் தங்களிடம் இருக்கிறதா? அதிலுள்ள ஒவ்வொரு பதிலும் உண்மையா? இல்லையென்றால் நாளைக்கே கம்பெனிக்கு எழுதித் திருத்துங்கள். நஷ்டம் வந்தபின் திருத்த முடியாது.

பாலிஸித் தொகை இன்றைய சரக்கின் மதிப்புக்கு ஈடாக இருக்கிறதா? பெருநாள், தீபாவளிச் சரக்குக்கு?

கடையிலுள்ள சரக்கின் ரசீதுகள் கடைக்கு வெளியே வேறோர் இடத்திலும் இருக்கின்றனவா? தண்ணீரும் தீயும் சரக்கை மட்டும் தேடி வருவதில்லை.

கடைசியாக ஒன்று. புரியாத தாளை ஒருவர் நீட்டினால், "எனக்கு இது விளங்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நமது பிள்ளைகள் நன்றாகப் படித்திருக்கிறார்கள். புதிய பாரம் வந்தபோது நமது மகன் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்ல, நாம் பதில் சொல்ல, அவன் எழுதினான். முடிய ஒன்றரை மணி நேரமாயிற்று. நீர்க்கசிவு உண்டா என்ற கேள்வி வந்தபோது அவன் நிமிர்ந்து நம்மைப் பார்த்தான். "உண்டு, இரண்டு முறை என்று எழுது" என்றோம். அதற்காகப் பிரீமியம் சற்றே கூடியது. ஆனால் அந்தப் பாரத்திலுள்ள ஒவ்வோர் எழுத்தும் இப்போது நமக்குத் தெரியும்.

வஸ்ஸலாம்.